மூன்றாவது குப்பி

2004 கோடையில், எபநேசர் வீட்டுப் பூனை ரோசி நாளுக்குநாள் இளைத்தது. சிறுநீரகக் கோளாறு என்று ஐயுற்ற கோவில்பட்டிக் கால்நடை மருத்துவர், மருந்தைத் தொடங்கிவிட்டு, மூன்று நாள் காலைச் சிறுநீரைத் தனித்தனிக் குப்பிகளில் கேட்டார். அதில் கரைந்துள்ள கழிவுப்பொருள்களைச் சென்னையில் அளந்தால் நோயின் நிலை தெரிந்துவிடுமாம்.

ரோசி கரிசல் மண்ணில்தான் சிறுநீர் கழிக்கும். மண்ணோ ஒரு சொட்டையும் திருப்பித் தராது. ஆகவே மனைவி ஜெயகுமாரி, தான் வேலைபார்க்கும் தீப்பெட்டி ஆலையிலிருந்து மெழுகில் தோய்த்த வெறுங்குச்சிகளைக் கொண்டுவந்து தட்டில் பரப்பினாள். குச்சிகள் ஊறவில்லை, சிறுநீர் அடியில் தேங்கியது.

இரண்டாவது குப்பி நிறைந்த அன்று மாலை ரோசி இறந்தது. எபநேசரே கொல்லையில் ஈரக் கரிசல் தட்டும் ஆழத்துக்குக் குழிதோண்டிப் புதைத்தார். மறுநாள் காலையும் தட்டில் சிறுநீர் இருந்தது. ஜெயகுமாரி மூன்றாவது குப்பியை நிரப்பினாள்.

"ஏட்டி, செத்த பூனைக்கு என்னத்துக்கு டெஸ்ட்டு? ஏதோ தெருப்பூனை வந்துட்டுப் போயிருக்கு."

"இருக்கட்டும். அனுப்புங்க."

பத்து நாள் கழித்து மருத்துவர் முகமலர்ச்சியோடு அறிக்கையை நீட்டினார்.

"முதல் ரெண்டும் மோசம், அண்ணாச்சி. மூணாவது சுத்தமா இருக்கு. நாம குடுத்த மருந்து மூணுலயும் தெரியுது. நிறுத்திராதீங்க."

தெருப்பூனைக்கு அம்மருந்தை எவரும் கொடுத்ததில்லை. ரோசி இறந்ததைச் சொல்ல வாயெடுத்த எபநேசர், அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

அன்று மாலை பாலில் மருந்தைக் கலந்து அவரே வைத்தார். காலையில் கிண்ணம் காலியாக இருந்தது. ஊரில் மழை பெய்து மூன்று மாதமாகியிருந்தது. தட்டிலிருந்த வெள்ளைக் குச்சிகளில் ஈரக் கரிசல் ஒட்டியிருந்தது.