வரிசை தப்பிய காளை

முத்தரசிக்கு வலது தோள் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. காலையிலிருந்து பதினோரு மாட்டுக்குச் சினை ஊசி போட்டிருந்தாள். பன்னிரண்டாவது சுடலியின் செவலைப் பசு. மூன்று முறை போட்டும் சினை நிற்கவில்லை. இதுவும் தவறினால் கால்நடை வாரியம் பசுவை அறுப்புக்கு ஓட்டிப்போய்விடும்.

"அதே ஊசிதான மதினி?" என்றாள் சுடலி.

"அதேதான். விந்துக்குள்ள குரோமோசோம் எல்லாம் வாரியம் சொன்ன வரிசையில, ரேஷன் கடையில நிக்கிற மாதிரி நிக்குதாம்."

"நின்னு என்ன செய்ய? இன்னும் கடை திறக்கலையே."

பக்கத்துக் கொட்டிலில் சன்னாசியின் காளை கயிற்றை இழுத்தது. அதன் விந்தில் குரோமோசோம் வரிசை தப்பியிருக்கிறது, காயடித்துவிடு என்று வாரியம் உத்தரவு போட்டிருந்தது. அந்த வேலையும் இன்று முத்தரசிக்குத்தான்.

அவள் காயடிக்கிற இடுக்கியைப் பைக்குள் போட்டுவிட்டு, காளையருகே நின்ற சன்னாசியைப் பார்த்தாள். "அவுத்து விடுங்கண்ணே."

"வேலை போயிரும் தாயி," என்றார் சன்னாசி.

"போகட்டும். பசு வயித்துக்குமா வரிசை?"

காளை செவலைப் பசுவின் மேலிருந்து இறங்கியதும் படிவத்தை எடுத்தாள். கன்றின் தகப்பன் என்ற கட்டத்தில், 'சன்னாசியின் காளை, வரிசை தப்பியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அதற்காக வாரியம் அவளுடைய ஊசி உரிமத்தைப் பறித்தது; மூன்றாம் மாதம் வந்து பசுவுக்குள் கையை விட்டுச் சோதித்துப் பார்த்தாள். சினை நின்றிருந்தது. அதற்குள் வேறொருவன் வந்து காளையைக் காயடித்துவிட்டுப் போயிருந்தான்.

கன்று ஈன்றதும் முதல் சீம்பால் காளைக்காரருக்கு என்பது அந்த ஊர் வழக்கம். சுடலி சன்னாசிக்கு ஒரு செம்பு சீம்பால் தர வேண்டியிருக்கிறது.