மூன்றாவது திருத்தம்

“‘சிறிது நேரம் கழித்து’ன்னா எவ்வளவு நேரம்? கடிகாரத்தைப் பார்த்தியா, கனவு கண்டுக்கிட்டு இருந்தியா?”

கேட்டவன் கத்திரி. இதழியல் வகுப்பில் ஒருவர் எழுதிய செய்தியைப் பக்கத்தில் இருப்பவர் திருத்துவது வழக்கம். இவன் கையில் பேனா கிடைத்தால் பெற்ற தாய் எழுதிய கடிதத்தையும் பாதியாக வெட்டிவிடுவான்.

பக்கத்தில் இருந்தவளுக்கு மேகம் என்று பெயர் வைத்ததும் அவன்தான். தூறல் விழுந்தால் போதும், அவள் வகுப்பில் இருக்க மாட்டாள். உடம்பு மட்டும் பெஞ்சில் இருக்கும். அவள் செய்திகளுக்காக மாணவர் இதழில் ஏற்கெனவே இரண்டு முறை திருத்தம் போட்டாகிவிட்டது. மூன்றாவது தப்பு வகுப்பில் வந்தால்கூட, இதழைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை நிருபர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார். எழுதுவதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

இந்தத் துறையில் பருவத்துக்கு ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல் ஓர் ஆள் வகுப்பில் நுழைந்து ரகளை செய்வார். நாடகத் துறையிலிருந்து வருபவர். அவர் போனதும் கண்டதைச் செய்தியாக எழுத வேண்டும். போன பருவத்தில் பாம்பு பிடிப்பவர் வந்தார். பையில் இருந்தது கயிறு என்று தெரிவதற்குள் பாதி வகுப்பு பெஞ்சின் மேல் நின்றது.

இன்று காலை வந்தவர் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். மேசையில் இருந்த புத்தகங்களைத் தட்டிவிட்டார். ஆசிரியையின் கையைப் பிடித்து முறுக்கினார். இரண்டு வாக்கியம் கத்திவிட்டுப் போய்விட்டார். ஆசிரியை புத்தகங்களைப் பொறுக்கி அடுக்கினார், தண்ணீர் குடித்தார். “எழுதுங்க. பார்த்தது, கேட்டது மட்டும்” என்றார்.

“பதினொண்ணு பதினெட்டு,” என்றாள் மேகம். “கதவு சத்தம் கேட்டுத் திரும்பினேன். கடிகாரம் கதவுக்கு மேலதானே இருக்கு.”

“அப்ப அதை எழுது. எந்தக் கையை முறுக்கினார்?”

“இடது கை. வலது கையில சாக்பீஸ் இருந்துச்சு. அதை அவங்க கீழ போடவே இல்ல.”

“சட்டை? எல்லாரும் நீலம்னு எழுதியிருக்காங்க. நீ மட்டும் சாம்பல்ங்கிற.”

“சாம்பல்தான்டா. தோள் நனைஞ்சு கறுத்துப் போயிருந்துச்சு. அதான் தூரத்துல நீலமா தெரிஞ்சிருக்கு.”

கத்திரிக்கு ஆச்சரியம். மேகம் இவ்வளவு பார்த்து அவன் கண்டதில்லை. வந்தவர் கத்தியதையும் படித்தான்: “‘எங்க போய் ஒளிஞ்சாலும் வருவேன். அடுத்த தடவை பேசிக்கிட்டு நிக்க மாட்டேன்.’ ம், இதேதான். வசனம் கொஞ்சம் ஓவர். ஆனா ஆள் நல்லா நடிச்சார்.”

கடைசிப் பத்திக்கு வந்ததும் பேனா நின்றது.

“இது என்ன? ‘அந்த நடிகர் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக எதிர் மரத்தடியில் நின்று இந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.’ வேற யாருமே இதை எழுதல. பழைய குணம் வந்துடுச்சு பாத்தியா.”

“நிஜமா நின்னார்.”

நின்றார். தூறல் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. மரம், சுவர், சாலை எல்லாம் தண்ணீரில் கரைந்து ஒரே நிறமாகிவிட்டன. அதற்கு நடுவில் அந்த மனிதர் மட்டும் கரையாமல் நின்றார். யாரோ ஒருத்தியைக் கூட்டிப்போக வந்திருக்கிறார், அவள் இறங்கி வந்ததும் இவர் முகம் மலரும் என்று மேகம் தனக்குள் கதை கட்டிக்கொண்டிருந்தாள். குடை இல்லாமல் நிற்கிறாரே என்று பாவமாகக்கூட இருந்தது. கதையை எழுதவில்லை, நின்றதை மட்டும் எழுதினாள்.

“ஒரே ஒருத்தர் பார்த்தது செய்தி ஆகாது,” என்று கத்திரி கோடு போடக் குனிந்தான்.

“அதை வெட்டாதே.”

ஆசிரியை பின்னால் நின்றுகொண்டிருந்தார். “எப்பலேர்ந்து நின்னார்?”

“பத்து மணிக்கு நீங்க உள்ள வந்தீங்களே மேடம், அப்பவே அங்க இருந்தார்.”

“நிச்சயமா?”

தப்பாகச் சொன்னால் எல்லாம் முடிந்தது. மேகம் கண்ணை மூடி ஒரு முறை பார்த்துக்கொண்டாள். மரம், தூறல், நிமிர்ந்த அந்த முகம்.

“நிச்சயம் மேடம்.”

ஆசிரியை ஜன்னலருகே போய் மரத்தடியைப் பார்த்தார். பிறகு திரும்பி வகுப்பைப் பார்த்துச் சொன்னார்:

“எல்லாரும் செய்திக்குக் கீழ முழுப் பேர், வீட்டு முகவரி, தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.”

“முகவரி எதுக்கு மேடம்? பரிசு வீட்டுக்கே வருமா?” என்றான் கத்திரி. வகுப்பு சிரித்தது.

இருபத்திரண்டு தாள்களும் வந்தன. ஆசிரியை ஒவ்வொன்றாகப் படித்தார். மேகத்தின் தாளை மட்டும் இரண்டு முறை படித்தார். அவளால் பொறுக்க முடியவில்லை.

“மேடம், என் செய்தியில தப்பு இருக்கா? பட்டியல்லேர்ந்து எடுத்துடுவீங்களா?”

“ஒரே ஒரு தப்பு. அதை இருபத்திரண்டு பேருமே செஞ்சிருக்கீங்க.” தாளை அவளிடம் நீட்டினார். “‘நடிகர்’ங்கிறதை அடிச்சிட்டு, ‘ஆசிரியையின் கணவர்’னு எழுது.”

மேகம் திருத்திக் கொடுத்தாள். ஆசிரியை எல்லாத் தாள்களையும் சேர்த்து ஒரு கோப்பில் வைத்துக் கட்டினார்.

“ரெண்டு தடவை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ரெண்டு தடவையும், ‘கண்ணால பார்த்தவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்கம்மா’ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”