பூச்சு மாஸ்டரின் நேர்மை

"வெடிப்பு மேல பட்டி தடவி பெயின்ட் அடிக்கிற வேலையெல்லாம் இந்தக் கடையில கிடையாது சார்!"

உள்ளே ரெசின் பசை டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொன்னது அவள் கணவர்தான்.

படகுத்துறை முழுக்க அவருக்குப் பெயரே பூச்சு மாஸ்டர். எந்த ஃபைபர் படகு வந்தாலும் வெடிப்பின் மேல் ஒரு இழுப்பு பட்டி, அதன் மேல் பெயின்ட். அரை மணியில் புத்தம் புதுசாக்கி அனுப்பிவிடுவார். மாதம் திரும்புவதற்குள் பெயின்ட்டைப் பிளந்துகொண்டு பழைய வெடிப்பு எட்டிப் பார்க்கும். திட்டிக்கொண்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது மட்டும் அவள் பாடு. அப்போதெல்லாம் மாஸ்டருக்கு வெளியே அவசர வேலை வந்துவிடும்.

வாசலில் நின்ற தொப்பிக்காரர் தன் படகின் எஞ்சின் மூடியைக் காட்டினார். "மயிரிழை மாதிரி நாலு கோடு. இதுக்குப் போய்…"

"கோடு மேல தெரியுது. கோளாறு அடியில இருக்கு." மாஸ்டர் மூடியைக் குப்புறக் கவிழ்த்து மூலையை அழுத்தினார். "அமுங்குது பாருங்க. மிதிக்கிறப்பல்லாம் வளையுது, அதான் வெடிக்குது. வெடிப்பைத் தோண்டி எடுக்கணும். அடியில ஃபைபர் துணி வச்சு ரெசின் கட்டணும். காஞ்சதும் தேய்ச்சுட்டுதான் பெயின்ட். நாளைக்குச் சாயங்காலம் ஆகும்."

"எனக்கு இன்னைக்கே வேணுமே மாஸ்டர்."

"அப்போ வேற கடை பாருங்க. மனசாட்சியை வித்து எனக்கு வேலை செய்யத் தெரியாது."

மனசாட்சியா! அவள் கையிலிருந்த துணி நழுவியது.

தொப்பிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மூடியை விட்டுவிட்டுப் போனார். மாஸ்டர் தேய்க்கும் கை கிரைண்டரை எடுத்தார். ஒவ்வொரு கோட்டையும் நுனி வரைக்கும் விடாமல் தோண்டினார். தலை, மீசை எல்லாம் வெள்ளைத் தூசி. அவளும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் கேட்பதற்கு முன்பே ஃபைபர் துணியை அளவாக வெட்டி நீட்டினாள். கல்யாணமாகி பதினோரு வருஷத்தில் அவர் வேலையை இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. பார்க்கும்படி அவரும் செய்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் மூடி கண்ணாடி மாதிரி மின்னியது. தொப்பிக்காரர் ஏறி நின்று மிதித்துப் பார்த்தார். கல் மாதிரி நின்றது. "ம், நல்லாத்தான் இருக்கு" என்று எடுத்துக்கொண்டு போனார்.

"என்னங்க," அவள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "எப்பவும் இப்படியே செஞ்சா, நான் யார் முகத்திலயும் தைரியமா முழிப்பேன்."

"அட பைத்தியமே!" மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்கண்ணன் வேலை செய்யிற படகுக் கம்பெனியில நாற்பது படகுக்கும் வருஷ கான்ட்ராக்ட் விடப்போறாங்க. அதுக்கு முன்னாடி, வாடிக்கைக்காரர் மாதிரி ஆள் அனுப்பி ஒவ்வொரு கடையா சோதிக்கிறாங்களாம். உங்கண்ணன்தான் நேத்துக் காலையில காதுல போட்டார். அந்தத் தொப்பி புது முகம். பார்த்ததுமே பிடிச்சுட்டேன்!"

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அப்போது போன் அடித்தது. அவள் அண்ணன். மாஸ்டர் அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார். "சொல்லுங்க மச்சான்! உங்க ஆளை அசத்தி அனுப்பிட்டேன்."

"எந்த ஆளை மாப்ளை? சோதிக்க வந்த அம்மா முந்தாநாளே வந்துட்டுப் போயாச்சே! நீங்க கடையில இல்லையாம். 'எங்க வீட்டுக்காரர் மேலாப்புல பூசி ஏமாத்திடுவாரு, வேற நல்ல கடையா பார்த்துப் போங்கம்மா'ன்னு உள்ள இருந்த பொம்பளை கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினாளாம்… என் தங்கச்சியா அது?"