முப்பத்தேழு டிகிரி

மலேசியாவில், பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் கைவிடப்பட்ட ரப்பர் தோட்டம் ஒன்று இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில், மண்ணின் வெப்பத்தை வானொலி அலையில் அனுப்பும் கருவிகளை அங்கே புதைத்து வைத்தார் விஞ்ஞானி புனிதவதி. ஈப்போ நகர ஆய்வுக்கூடத்தில், அந்த அலைகளை வாங்கும் பெட்டியில் எண்கள் தெரியும். எல்லாக் கருவிகளும் இருபத்தாறு டிகிரி காட்ட, ஒன்று மட்டும் முப்பத்தேழு காட்டியது.

பழுதாக இருக்கும் என்று நினைத்து, வேன் ஓட்டும் ஐயாவுவோடு போனார். கருவி இருந்த இடத்தை ஐயாவு தோண்டினார். மண் சில்லென்றிருந்தது. கருவியின் பேட்டரியைக் கழற்றி, ஈப்போவுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள்.

பெட்டியில் அதன் எண் இன்னும் வந்துகொண்டிருந்தது. இப்போது முப்பத்தொன்பது.

“இது எப்பிடி ஏலும், ஐயாவு?” என்றார் புனிதவதி.

ஐயாவு பெட்டியின் எண்ணைக் குனிந்து பார்த்தார். “நான் பொறந்த தோட்டம் டாக்டர் அது. அந்த எடத்துலதான் என் தங்கச்சிய பொதைச்சோம். காய்ச்சல்லதான் போச்சு. நெத்தியில ஈரத்துணி போட்டா கொறையும்லா.”

தடுப்பதற்குள் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புனிதவதி பெட்டியின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எண் நாற்பதைத் தொட்டு, வெகுநேரம் அங்கேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது.