கடைசி நாள் சாட்சி

ஓமலூரில் பஸ்ஸை விட்டிறங்கிக் கோர்ட்டுக்குக் குறுக்குவழியில் நடந்த மெட்ராஸ்காரரின் முழங்காலில் நாச்சிமுத்துவின் மம்முட்டிக் காம்பு விழுந்தது. இரண்டாவது அடியில் எலும்பு முறிந்தது.

"எங்கப்பன் கைநாட்டைப் பத்திச் சாட்சி சொல்லவா வந்தே?"

பதில் சொல்லத் திறந்த வாயிலும் ஒன்று விழுந்தது. பையிலிருந்து உருண்ட பூதக்கண்ணாடியை நாச்சிமுத்து மிதித்து நொறுக்கினான்.

மெட்ராஸ் கைரேகை நிபுணர் ஒருவரைக் கடைசி நாள் சாட்சியாகச் சேர்த்திருக்கிறார்கள், காலை பஸ்ஸில் வருகிறார் என்று கோர்ட் டவாலி நேற்றுத்தான் அவன் காதில் போட்டிருந்தான். தோட்டத்தை அப்பனிடம் கிரயம் வாங்கிவிட்டதாகப் பத்திரம் காட்டும் பங்காளி கந்தப்பனைத் தவிர வேறு யார் சேர்ப்பார்கள்?

வாய்க்காலில் ரத்தத்தைக் கழுவிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனான். அவனுடைய வக்கீல் வராந்தாவில் தவித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, மொகம் வாடிக் கெடக்குது?"

"பத்திரத்துல இருக்கறது உங்கப்பன் ரேகையே இல்லைன்னு நிரூபிக்க மெட்ராஸ்ல இருந்து ஒருத்தரை வரச்சொன்னேன். இன்னும் காணோம். இன்னிக்கு விட்டா வழக்கு முடிஞ்சுது."

நாச்சிமுத்து ஈரம் காயாத கையை வேட்டியில் துடைத்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே?"

"உன்கிட்டச் சொன்னா ஊருக்கே தெரிஞ்சுபோகும். கந்தப்பன் வழியில மடக்கி அவரை அடிச்சுப்போடுவானேன்னுதான் சொல்லலை."