கொயினாத் தண்ணி

"முழுங்கு! முழுங்கினாத்தான் இன்னைக்கு வேலை!"

தோட்ட ஆஸ்பத்திரி டிரசர் கொர்னேலியஸ் போட்ட சத்தத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களமே திரும்பிப் பார்த்தது. மாரியாயி உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன.

"டாக்டர் தேடின ஆளு இவதான்!" என்றார் கங்காணி நாகையா.

கிள்ளானுக்குப் பக்கத்துத் தோட்டம் அது. ரப்பர் விலை விழுந்த வருஷம். தினமும் காலையில் ஆளுக்கு ஒரு அவுன்ஸ் கொயினாத் தண்ணி கொடுத்தும், ஐந்து மாதமாக மலேரியாக் காய்ச்சல் தொழிலாளர் லயத்தைவிட்டுப் போகவேயில்லை.

போன வாரம் கிள்ளானிலிருந்து வந்த டாக்டர், நாலு பேர் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"யாரோ மருந்தை முழுசாக் குடிக்கிறதில்லை. அரைகுறையாப் போனா சோணிக் கிருமிதான் சாகும். தாங்கி நின்ன கிருமி பொழைச்சுக்கிட்டு, தன்னை மாதிரியே குட்டி போடும். கொசு அதை லயம் பூராக் கொண்டு போயிரும். அப்புறம் கொயினாவைக் கண்டா அதுக்கு ஏது பயம்?"

அன்றிலிருந்து கொர்னேலியஸுக்குச் சோறு இறங்கவில்லை.

மாரியாயி வேறு வழியில்லாமல் முழுங்கினாள். முழுங்கியதும் ஓவென்று அழுதாள்.

"எம்மவன் வாசுவுக்குய்யா. ஆறு வயசு. வேலை செய்யிறவங்களுக்கு மட்டுந்தான் மருந்துன்னு ஆபீசுல சொல்லிட்டாங்க. அதான், பாதிய முழுங்கிட்டுப் பாதிய வாயிலயே வச்சுக்கிட்டு ஓடுவேன். அவன் வாயில விடுவேன்."

கொர்னேலியஸ் லயத்துக்கு ஓடினார். பையன் உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்து, அலமாரியில் பூட்டி வைத்திருந்த கலப்பில்லாத கொயினாவை ஊசியில் ஏற்றினார். காய்ச்சல் அசையவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் பையன் அடங்கிவிட்டான்.

குழியில் மண்ணைத் தள்ளி முடித்ததும் நாகையா ஆரம்பித்தார்.

"கிருமிய வளத்துவிட்டவ இவ. தொரைகிட்ட சொல்லி இவளைத் தோட்டத்தைவிட்டே அனுப்பணும். இல்லேன்னா இன்னும் எத்தனை பிள்ளைங்க போகுமோ!"



"அனுப்பிருங்க," என்றாள் மாரியாயி, மண்ணைப் பார்த்தபடி. "எம்புள்ளைய நாந்தான் கொன்னேன்."

கொர்னேலியஸ் தொப்பியைக் கழற்றினார். வாயைத் திறந்தால் வேலை போகும். வீட்டில் மனைவி கெர்ட்ரூடுக்கு இது எட்டாம் மாதம்.

"அவளை விடுங்க கங்காணி. அது நான்."

"என்னங்க டிரசர் சொல்றீங்க?"

"ஆபீசுல கொயினாவைப் பாதியாக் குறைச்சிட்டாங்க. பாதிப் பேரைப் பார்த்து உனக்கு இல்லைன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. எல்லாருக்கும் கிடைக்கட்டுமேன்னு, பத்து மாசமாப் பாதிக்குப் பாதி தண்ணி ஊத்தினேன். கிருமியப் பழக்கிவிட்டது நான்தான். மாரியாயி மேல ஒரு தப்பும் இல்ல."



மாரியாயி மெல்லத் தலையைத் தூக்கினாள்.

"அப்ப... எம்புள்ளைக்குன்னு வாயில சுமந்துக்கிட்டு ஓடினேனே... அது வெறுந்தண்ணியாய்யா?"