நாலாவது ஆள்

"ஸ்கேன்ல முன்மூளை இருண்டே கிடக்கு மாமி. மாமாவுக்குத் தன்னுணர்வே இல்ல. டியூபை எடுக்கக் கையெழுத்துப் போடுங்கோ," என்றாள் டாக்டர் மானசா.

"அப்போ தினம் எட்டே காலுக்கு ஏன் நகர்ந்துக்கறார்?" என்றாள் அவர் மனைவி சாருலதா. "முப்பது வருஷமா எட்டே கால் லோக்கல் ரயில்ல மூணு பேர் சீட்டுல நாலாவது ஆளுக்கு இடம் விட்டவராக்கும்!"

எட்டே காலுக்கு, மாட்டுங்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் அனந்தகிருஷ்ணன் சுவரோரமாக நகர்ந்தார்.

"வெறும் ரிஃப்ளெக்ஸ் மாமி," என்ற மானசா, காலியான இடத்தில் உட்கார்ந்து காட்டினாள்.

அவர் கண் திறக்கவில்லை. இன்னும் ஒரு சாண் நகர்ந்தார். மானசாவின் தோளை ஒரு விரல் தட்டியது. சாருலதா எதிரே நின்றிருந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை.

காதருகே ஓர் ஆண்குரல், கொஞ்சம் நகரச் சொல்லி, இந்தியில் பணிவாக இடம் கேட்டது.

"தோடா சர்கோ நா, மேடம்."